பொது வாசிப்பறையின் முதல் வாசகர்

அளவைத் துறையின் பொது வாசிப்பறைக்கு முதல் வாசகர் வந்தபோது அவர் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது. காலையில் அறை திறந்த சற்று நேரத்துக்கெல்லாம் வந்துவிட்டார். தள்ளித் திறக்க வேண்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார், பிறகு தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். புதிதாக வருகிற எவரும் செய்யக்கூடிய தவறுதான். ஆனால் அந்த அறைக்கு அதுவரை ஒருவர்கூடப் புதிதாக வந்ததில்லை என்பதால் கதவில் 'தள்ளு' என்று எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, கரகரத்த குரலில், "தொண்ணூத்தியொண்ணு பை ஏழு" என்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஏறிட்டுப் பார்த்தாள். வந்தவர் கல்நார்க் கூரைத் தகடு ஆலையில் உருளை இயந்திரத்தில் நின்றவர், அதே ஆலையில் வேலை பார்த்த அவள் கணவருக்கு மூத்தவர், உயரத்துக்காக எல்லோரும் நெட்டையண்ணன் என்று கூப்பிட்ட மனிதர். அவர் சாவுக்கு அவள் போயிருந்தாள். அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். இருந்தாலும் அவர் சொன்ன எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தால் அறிக்கையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, படிக்கத் தொடங்கினார்.

அந்த அறை வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அரசாங்கம் மக்கள் பணத்தில் அளந்து எழுதுகிற எதையும் மக்கள் கேட்டுப் படிக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்தபிறகு அறை இல்லாமல் முடியாது. அளவைத் துறைக் கட்டடத்தின் பின்பக்கம் சைக்கிள் நிறுத்திக்கொண்டிருந்த இடத்தை அடைத்து, வெள்ளையடித்து, ஒரு நீள மேசையும் நாற்காலிகளும் மின்விசிறியும் போட்டார்கள். மார்பளவுக்கு ஒரு தடுப்புச் சுவர், அதற்குப் பின்னால் இரும்பு அலமாரிகள். அந்தத் துறை அளக்காத பொருள் கிடையாது. ஆற்றுத் தண்ணீர், ஆலைப் புகை, கொதிகலன் சத்தம், மண்ணில் இறங்கிய ஈயம், கிணற்றில் ஏறிய உப்பு, எல்லாவற்றையும் அளந்து, அச்சடித்து, அட்டை போட்டு, நாடாவால் கட்டி உள்ளே அடுக்கினார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அறிக்கையின் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த எண் அறிக்கையின் அட்டையில் அச்சாகியிருந்தது. எல்லா எண்களையும் தொகுத்த பட்டியல் ஒன்றும் இருந்தது. அதையும் யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். அதற்கும் ஓர் எண் இருந்தது. இதில் சூது எதுவும் இல்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த துணை இயக்குநர் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். எண் இல்லாமல் கேட்டால் தவறான அறிக்கை கைமாறிப் போய் மக்கள் வீணாகக் குழம்புவார்களே என்று நிஜமாகவே கவலைப்பட்டார். அப்படிக் கவலைப்பட்டே வருஷக்கணக்காக ஒருவரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவளை ஊரில் வாசிப்பறைக்காரி என்றார்கள். கல்யாணமான புதிதில் வேலையில் சேர்ந்தவள். தினமும் திறப்பாள், துடைப்பாள், மின்விசிறியைப் போட்டுப் பார்ப்பாள், மூடுவாள். அங்கே உட்கார்ந்தபடியே பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள், அங்கே உட்கார்ந்தபடியே மகளின் பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்தாள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அதே நாற்காலிதான். அத்தனை வருஷத்தில் ஓர் அறிக்கையையும் அவள் படித்ததில்லை. படிக்க முடியாது. துறையின் ஊழியர் பொதுமக்கள் அல்லர் என்று விதியில் இருந்தது, காகிதமும் அந்த விதியை மதித்தது. எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பெறாத எவர் கண்ணுக்கும் பக்கங்கள் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தன. ஆரம்பத்தில் ஒருமுறை ஆசைப்பட்டுப் பிரித்துப் பார்த்தவள், அச்சடிக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் துணை இயக்குநரிடம் போய்ச் சொல்லி, அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்படி ஒரு மை வாங்கியதாகத் துறையின் கணக்கில் இல்லை.

நெட்டையண்ணன் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் அவருடன் கலவைத் தொட்டியில் வேலை பார்த்த இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் காலமானவர்கள்தான். கொஞ்ச நாளில் நாற்காலிகள் போதாமல் சுவரோரம் நின்று படித்தார்கள். எல்லோரும் தகடு ஆலைக்காரர்கள். எல்லோரும் கேட்டது ஒரே எண்ணை. அறிக்கை ஒரு பிரதிதான் இருந்தது, ஆனால் அடுத்தவருக்காக அலமாரியைத் திறந்தால் அதே இடத்தில் இன்னொன்று இருந்தது. சாயங்காலம் திரும்ப வாங்கி அடுக்கினால் மறுபடி ஒன்றுதான் மிஞ்சியது. அவர்கள் எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார்கள். தெரிந்துகொண்டதைச் சொல்ல வழியில்லாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்கள் போன பிறகு மேசைமேல் மாவு சலித்தது போல வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அதை ஈரத்துணியால் துடைப்பது அவள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

துணை இயக்குநருக்கு விஷயம் தெரிந்ததும் முறைப்படி சட்டப் பிரிவுக்கு எழுதிக் கேட்டார். வாசகர் உயிருடன் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை என்று அவர்கள் பதில் போட்டார்கள். அதோடு விஷயம் முடிந்தது. அந்த வருஷம், பொதுமக்கள் மிக அதிகமாக வந்து பயன்படுத்திய வாசிப்பறை என்று துறைக்கு ஒரு கேடயம் கிடைத்தது. துணை இயக்குநர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து நடைகூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் மூச்சு விடுவதில்லை என்பது கேடயம் கொடுத்தவர்களுக்குத் தெரியாது, அவர்கள் கேட்கவும் இல்லை.

விஷயம் காதும் காதும் வைத்தாற்போல ஊருக்குள் பரவியது. முதலில் நெட்டையண்ணனின் மனைவி வந்தாள். எண் தெரியாதவரை உள்ளே விடக் கூடாது, ஊழியர் எண்ணைச் சொல்லிக்கொடுக்கவும் கூடாது என்பது விதி, அதனால் உள்ளே வர முடியவில்லை. கதவில் முகமளவுக்கு ஒரு கண்ணாடி பதித்திருந்தார்கள். அதில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தாள். முதுகு தெரிந்தது, பக்கம் புரட்டுகிற கை தெரிந்தது. நடைகூடத்தைச் சுற்றிப் போய் வெளியே ஜன்னல் பக்கம் நின்று பார்த்தாள், பிறகு மறுபடி கதவுக்கு வந்தாள். வாசிப்பறைக்காரி சாயங்காலம் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ளதான் இருக்காரு. கூப்பிட்டேன். கண்ணாடியத் தட்டினேன். திரும்பவே இல்ல."

"யாரையும் பாக்கறதில்ல அண்ணி. என்னையும் பாக்கறதில்ல."

"என்னைப் பாக்காம அப்படி என்னத்தப் படிக்கிறாரு?"

அந்தக் கேள்வி வாசிப்பறைக்காரியைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு கவலைகள். செத்தவர்கள் உள்ளே வருவது ஒன்று. அது அப்படியொன்றும் பெரிதல்ல, பழகிவிட்டது. மற்றது அவள் கணவர். அவர் தகடு அறுக்கிற பகுதியில் இருந்தார். காய்ந்த தகடுகளை அளவுக்கு வெட்டுகிற ரம்பத்தின் முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்பார். வேலை முடிந்து வரும்போது புருவமெல்லாம் நரைத்துப்போனவர் மாதிரி வருவார், குளித்தால் மறுபடி இளைஞராவார். அதை வைத்து வீட்டில் வருஷக்கணக்காகக் கேலி நடந்திருக்கிறது. அவர் சட்டையை உதறும்போது பறக்கிற தூசியும் மேசையில் படிகிற தூசியும் ஒன்றுதான் என்று அவளுக்கு ஒருநாள் புரிந்தது.

அறை காலியாகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் அவள் நெட்டையண்ணனை மறித்துக்கொண்டு கேட்டாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றாள். அவர் வாயைத் திறந்தார். எண் மட்டும் வந்தது. எண்ணை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்றாள். அவர் தன் சட்டைக் காலரை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். கழுத்தை இறுக்குகிறது என்கிறார் போல என்று அவள் நினைத்தாள். மேல்பொத்தானைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தாள், கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டாள். அவர் போய்விட்டார்.

துறை ஆலைகளில் தூசியை அளக்கும் முறை இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை ஆட்கள் வருவார்கள். தொழிலாளியின் இடுப்பில் ஒரு சின்ன பம்பைக் கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை மேலே கொண்டுபோய், சட்டைக் காலரில் வட்டமான ஒரு வில்லையைக் குத்திவிடுவார்கள். அவர் சுவாசிக்கிற காற்றையே பம்பும் இழுக்கும், மூக்குக்குள் போகிற தூசி வில்லையிலும் ஒட்டும். ஷிப்ட் முடிந்ததும் வில்லையைக் கழற்றிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மறுபடி அடுத்த வருஷம்தான். வில்லையின் ஓரத்தில் ஓர் எண் ஒட்டியிருக்கும். தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக இருக்கும் என்று தொழிலாளர்கள் நினைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. அளக்க வந்தவர்களும் சொல்லவில்லை, அதைச் சொல்லும்படி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓர் ஆலைக்கு ஓர் எண். வில்லையிலும் அதே எண், அறிக்கையின் அட்டையிலும் அதே எண். அறையின் கதவைத் திறக்கிற சாவியை வருஷம் தவறாமல் அத்தனை பேர் கழுத்திலும் ஒருநாள் முழுக்க மாட்டிவைத்து, சாயங்காலம் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் இதை எழுதுகிறவனுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவர்களுக்கு யோசிக்க நேரம் இருந்தது, ஞாபகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த வருஷத்து அளவை நாளன்று அவள் கணவர் வீட்டுக்கு வந்தபோது காலரில் குத்தின இடம் சுருங்கியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இன்றைக்குக் குத்தினதில் ஏதாவது எண் இருந்ததா என்று கேட்டாள். அவர் யோசிக்காமல், தொண்ணூற்றொன்று பை ஏழு, வருஷா வருஷம் அதுதானே, என்றார். நெட்டையண்ணன் காலரைப் பிடித்துக் காட்டியது எதற்கென்று அவளுக்கு விளங்கிவிட்டது. நாளைக்கே வாசிப்பறைக்கு வந்து அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், ஊழியரான நான் கேட்க முடியாது, உங்களால் முடியும் என்று கெஞ்சினாள். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நெட்டையண்ணன் அங்கே உட்கார்ந்திருப்பது ஆலை முழுக்கத் தெரியும்.

"தெரிஞ்சு என்ன பண்றது? தெரிஞ்ச மறுநாள் நான் அந்த ரம்பத்துக்கு முன்னாடி நிக்க முடியுமா? நிக்காம எத வெச்சுக் குடும்பம் நடத்துறது?"

"நெட்டையண்ணன் மாதிரி செத்த பெறகு வந்து படிப்பீங்களா?"

"அப்ப படிச்சா யாருக்கும் நஷ்டம் இல்லல்ல."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த இருமல் அதற்குப் பிறகு அந்த வீட்டிலேயே குடியிருந்தது. மாடிப்படி ஏறினால் வரும், சட்டை மாட்டினால் வரும், மகள் தொலைபேசியில் கூப்பிட்டால் அவளுக்கு முன்னால் அது பேசிவிடும். வாசிப்பறைக்காரி சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் ராஜினாமா கொடுத்தாள். பொதுமக்களில் ஒருத்தியாக ஆவதற்கு அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. துணை இயக்குநர் வருத்தப்பட்டார், கேடயம் வாங்கின சமயத்தில் இப்படிச் செய்கிறாயே அம்மா என்றார். சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, ஊழியர் வாசல் வழியாகக் கடைசி முறையாக வெளியே போனாள். மறுநாள் காலை தெருவாசல் வழியாக வந்து, கதவைப் பழக்கதோஷத்தில் தள்ளித் திறந்துகொண்டு, மேசைக்கு இந்தப் பக்கமாக நின்றாள்.

அங்கேதான் சிக்கல். அவள் போன இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆள் போட ஒப்புதல் வேண்டும், ஒப்புதலுக்கு மேலே எழுத வேண்டும். வந்தபிறகு வாருங்கள் என்று துணை இயக்குநர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அறை நிறைய வாசகர்கள், தடுப்புச் சுவருக்குப் பின்னால் எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. இத்தனை வருஷம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அழுகை வந்தது. அப்போது, மற்றவர்களைப் போலவே வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த நெட்டையண்ணன் எழுந்தார். தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மேசைமேல் வைத்து, அவள் சட்டைக் காலர் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். அவள் எண்ணைச் சொன்னாள். அவர் எடுத்து வந்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வேலையை அவர்தான் பார்க்கிறார். இறந்தவருக்குச் சம்பளம் வழங்க விதியில் இடம் இல்லாததால் துறையும் அதை ஆட்சேபிக்கவில்லை.

அவள் நாடாவை அவிழ்த்தாள். வெள்ளையாக இருந்த பக்கங்களில் எழுத்து இருந்தது. அச்சான தேதி அவள் மகள் பிறந்ததற்கு முந்தின வருஷம். முதல் பத்தியை மனசுக்குள் படித்தாள். அதற்கு மேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை, வாய்விட்டுப் படித்தாள். வாசகர்கள் பேசக் கூடாது என்று சுவரில் பலகை இருந்தது. படிப்பது பேச்சு ஆகாது என்று சட்டப் பிரிவு பிற்பாடு சொல்லியிருக்கிறது. அன்று ஆலைக்கு வார விடுமுறை. நடைகூடத்தில் குடும்பக்காரர்களோடு ஆலைக்காரர்களும் இருந்தார்கள், அவள் வேலையை விட்ட சேதி கேட்டுக் கோபமாக அவளைக் கூட்டிப்போக வந்த அவள் கணவரும் இருந்தார். நெட்டையண்ணனின் மனைவி கதவைப் பாதி திறந்து காலால் அணைத்துக்கொண்டாள். உள்ளே வரத்தான் எண் வேண்டும், கேட்பதற்கு வேண்டாம். ஆலையின் தூசி அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு இருக்கிறது என்று வாசிப்பறைக்காரி படித்தாள். அறுக்கும் பகுதியில்தான் மிக அதிகம். இதை வருஷக்கணக்காகச் சுவாசிக்கிறவர்களின் நுரையீரல் மெல்ல மெல்ல இறுகும், இறுகின பிறகு இளகாது. உலர்ந்த தகடுகளை அறுக்கக் கூடாது, தண்ணீர் பாய்ச்சி அறுக்க வேண்டும், தூசியை உறிஞ்ச இயந்திரம் வைக்க வேண்டும், அதுவரை அங்கே ஆட்களை நிறுத்தக் கூடாது. கடைசி வரி, இந்த விவரங்கள் அனைத்தும் தொழிலாளர்களுக்கு உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று இருந்தது. அந்த வரியை அவளால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அவள் கணவர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவர் அப்படிச் செய்ததில்லை.

மறுநாள் அறுக்கும் பகுதியில் ஆள் இல்லை. ஆலை முதலாளிகள் முதலில் கோபப்பட்டார்கள், பிறகு முகமூடி கொடுத்தார்கள், பிறகு தண்ணீர்க் குழாய் போட்டார்கள், பிறகு கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டு வேறு எங்கோ போய்த் திறந்தார்கள். அங்கே வாசிப்பறை இருக்கிறதா என்று தெரியாது. அவள் கணவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வாயிற்காவலர் வேலை கிடைத்தது. அவள் தைத்தாள். கையைக் கடித்தாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. இளவட்டங்கள் பலர் தப்பினார்கள், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கதையே பிடிப்பதில்லை. மூத்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். அப்படி இறந்தவர்களில், அன்றைக்கு நடைகூடத்தில் நின்று கேட்டவர்கள் மட்டும் வாசிப்பறைக்கு வரவில்லை. முதலில் ஒருவர் வராதபோது வழி தெரியவில்லையோ என்று நினைத்தார்கள். அவர் பெண்டாட்டியும் பிள்ளைகளும் வாரக்கணக்காகக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தவரும் வரவில்லை. கேட்காமல் செத்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொண்டவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று ஊருக்குப் புரிந்தது.

அறிக்கையை அறைக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆனால் அவள் அதைத் தினமும் போய்ப் படித்து மனப்பாடம் செய்துவிட்டாள். படுக்கையில் விழுந்த பழைய ஆலைக்காரர்களின் வீடுகளுக்குப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொல்லிவிட்டு வருவாள். சிலர் திட்டினார்கள். சிலர் அழுதார்கள். பெரும்பாலானவர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். கலவைத் தொட்டியில் இருந்த ஒருவரின் மனைவி மட்டும் அவளை வாசலிலேயே மறித்தாள்.

"எங்க வீட்டுக்கு வேணாம்க்கா. அவரு ஒண்ணும் தெரியாமலே போகட்டும். அங்க வந்து உக்காருவாருல்ல, போய்ப் பாத்துட்டாவது வருவேன்."

"உன்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

"பரவால்ல. நான் பாக்கறேன்."

வாசிப்பறைக்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் துறை செய்ததற்கும் நீ செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரு கேட்கக் கத்திவிட்டு வந்தாள். அந்த மனுஷர் போய்ச் சேர்ந்தார், மறு வாரமே வாசிப்பறையில் சுவரோரமாக நின்று படித்தார். மனைவி தினமும் வந்து பார்த்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவாள்.

பிறகு வாசிப்பறைக்காரியின் கணவரின் முறை வந்தது. பள்ளிக்கூடத்து வாசலுக்கு நடக்க முடியவில்லை, அதன் பிறகு குளியலறைக்கு நடக்க முடியவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார், காற்று தானாக வந்து உள்ளே போகும் என்பது போல. அந்தச் சமயத்தில் துறை, ஆலையை விட்டு விலகினவர்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்து, பழைய அறிக்கையோடு ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தது. அவள் போய்ப் படித்தாள். அறுக்கும் பகுதியில் நீண்ட காலம் இருந்தவர்கள் விலகினாலும் இறுகல் நிற்பதில்லை, மருந்து இல்லை, இந்தக் கட்டத்தை எட்டியவர்கள் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது அரிது என்று இருந்தது. திரும்பி வந்தபோது அவர் கேட்டார்.

"புதுசா ஏதோ சேத்துருக்காங்களாமே. என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பழசத்தான் திருப்பிப் போட்டிருக்காங்க."

பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே அதிர்ச்சி. முழுவதும் கேட்டவர்கள்தான் வருவதில்லை. ஒரு பக்கம் பாக்கி இருந்தால் வருவார். அந்த ஒரு பக்கத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால், மழைக்காலத்துக்குப் பிறகும் அவரைத் தினமும் பார்க்கலாம். அந்த வாரம் வாசிப்பறைக்குப் போனபோது, அவர் எங்கே உட்கார்ந்தால் காற்று வரும் என்று தன் கண் இடம் தேடிக்கொண்டிருப்பதை அவளே கவனித்தாள். கலவைத் தொட்டிக்காரரின் மனைவியிடம் கத்தின கத்தல் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தும் மறுநாளும் சொல்லவில்லை.

வெளியே வரும்போது நெட்டையண்ணனின் மனைவி கதவருகில் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் வராத நாள் குறைவு. கண்ணாடியில் அவள் நெற்றி படுகிற இடம் மங்கிப்போயிருந்தது. உள்ளே அவர் அலமாரிக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கதவைக் கடந்து போனார், ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் நிமிர்ந்தாள், அவர் திரும்பவில்லை. "இன்னைக்குக் கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியறாரு இல்ல?" என்று அவள் வாசிப்பறைக்காரியிடம் கேட்டாள்.

வாசிப்பறைக்காரி நேராக வீட்டுக்கு வந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பின்னிணைப்பை முதல் வரியிலிருந்து சொன்னாள். மழைக்காலம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி அந்த வரியின் தொடக்கத்திலிருந்து சொன்னாள். ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"இதச் சொல்லவா ஒரு வாரம் எடுத்துக்கிட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவருக்கு அதுகூடப் புரியாதா?

"அங்க வந்திருந்தா உன்னைத் திரும்பிப் பாத்திருக்க மாட்டேன், இல்ல?"

"மாட்டீங்க. யாரும் பாக்கறதில்ல."

"அப்புறம் எதுக்கு அது? நிமிரு. இப்ப பாத்துக்கறேன்."

அவள் நிமிர்ந்தாள். அன்று சாயங்காலம்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாட்களிலும் பார்த்தார், அவள் தைக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார். மழை தொடங்கின மாதத்தில் இறந்தார். வாசிப்பறைக்கு வரவில்லை. அவள் போய்த் தேடவும் இல்லை.